தீபாவளிப் பெட்டியும் தொண்ணூறு நாள் கடனும்

ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும்போது தமிழ்நாட்டு நிறுவனங்களில் ஒரு கோப்பு மேசை மேசையாக நகரத் தொடங்கும். ஊழியர்களுக்கும் முக்கிய வாடிக்கையாளர்களுக்கும் தீபாவளிக்கு என்ன கொடுப்பது என்பது அதன் பொருள். தலைக்கு இவ்வளவு என்று தொகை ஒதுக்கி, மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர் போவதற்குள் ஐப்பசி நெருங்கிவிடும். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் எல்லார் மேசையிலும் ஒரு பெட்டி. வழவழத் துணி விரித்த குழிகளில் ஒரு கைப்பிடி கலிபோர்னியா பாதாம், ஒரு கைப்பிடி முந்திரி, வாசனை மெழுகுவத்தி, நிறுவனத்தின் சின்னம் பொறித்த தண்ணீர் பாட்டில். வாங்கியவர்களில் பலர் திறந்து பார்த்துவிட்டு, வேறு யாருக்காவது கொடுத்துக்கொள்ளலாம் என்று பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

சில ஆண்டுகளாக இதில் ஒரு மாற்றம் தெரிகிறது. மெழுகுவத்தி இருந்த குழியில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் உட்கார்ந்திருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டியும் மணப்பாறை முறுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அலுவலகப் பரிசுப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. அட்டைப் பெட்டிக்குப் பதிலாகச் செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டானில் வைத்துக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. கூடவே, ஊர்ப்புறக் கைவினைஞர்களின் வாழ்வில் ஒளியேற்றுகிறோம் என்ற வகையில் நான்கு வரி அச்சடித்த ஒரு சீட்டு. நல்ல மாற்றம்தான், மனமார வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சீட்டில் அச்சாகாத ஒன்று இருக்கிறது. அந்தக் கொட்டான் எப்போது கேட்கப்பட்டது, என்ன விலைக்கு இறக்கப்பட்டது, அதற்கான பணம் எந்த மாதம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் அது. அங்கே நடப்பது அநியாயம். அதை வேறு மென்மையான பெயர் சொல்லி அழைக்க இந்தத் தலையங்கத்துக்கு விருப்பமில்லை.

ஓலைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பனையின் குருத்தோலையை வெட்டி இறக்க வேண்டும். வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வகிர வேண்டும். நிறம் வேண்டுமென்றால் சாயத் தண்ணீரில் கொதிக்கவைத்து மறுபடியும் உலர்த்த வேண்டும். அதன் பிறகே பின்னல். விளிம்பு மடக்கி, மூடி பொருந்துகிறதா என்று பார்த்து முடிக்க எத்தனை கைத்தேர்ச்சி இருந்தாலும் நேரம் பிடிக்கும். இந்த வேலையில் அவசரம் என்பது பின்னலின் இடைவெளியில் தெரிந்துவிடும். வீட்டு வேலையும் பிள்ளைகளும் போக மிஞ்சிய பொழுதில்தான் பெரும்பாலான பெண்கள் இதைச் செய்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு குழுவிடம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆயிரம் பெட்டி கேட்டால் என்ன ஆகும்?

அதுவும் மழைக் காலத்தில். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. ஓலை காயாது, காய்ந்த ஓலையும் பூஞ்சை பிடித்துப் புள்ளி விழும். பத்தமடையில் கோரையை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, சாயமேற்றித்தான் பாய் நெய்கிறார்கள். அதற்கும் வெயில் வேண்டும். நெசவாளர் ஊர்களில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க வானம் வெறித்திருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் குழித்தறியின் குழிக்குள் ஈரம் ஊறும், நூல் தொய்யும், தறி நிற்கும். கார்த்திகைக்கு அகல்விளக்கு வனைகிற வேளாருக்கு மண் உலராது, சூளை எரியாது. தீபாவளியும் கார்த்திகையும் எந்த மாதத்தில் வரும் என்று கொள்முதல் மேலாளருக்குத் தெரியாதா? பஞ்சாங்கம் அவர் மேசையிலும் இருக்கிறது. ஆடியிலோ ஆவணியிலோ கேட்டிருந்தால் காய்ந்த ஓலையில் நிதானமாகப் பின்னியிருப்பார்கள். ஐப்பசியில் கேட்டுவிட்டு, நிறம் ஒன்றுபோல் இல்லை, பத்துப் பெட்டி அளவு பிசகியிருக்கிறது என்று கழித்துக்கட்டுவது, தன் தாமதத்துக்கு அடுத்தவர் கூலியில் அபராதம் போடுவது. கையால் செய்த பொருள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது என்பதற்காகத்தானே அதைத் தேடிப் போனார்கள்?

தாமதத்தையாவது அறியாமை என்று விட்டுவிடலாம். பணம் தரும் விதத்துக்கு அந்தச் சலுகையும் கிடையாது. சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாள், 90 நாள் என்பது பெரிய நிறுவனங்களின் வழக்கம். அட்வான்ஸ் கேட்டால், அது கம்பெனி விதியில் இல்லை என்று பதில் வரும். ஓலைக்கும் சாயத்துக்கும் நூலுக்கும் வெல்லத்துக்கும் நிலக்கடலைக்கும் கடைக்காரர் ரொக்கம் கேட்பார். வாரத் தவணைக்குக் கடன் கொடுக்கும் ஆள் திங்கட்கிழமை காலை வாசலில் நிற்பார். ஐப்பசியில் அனுப்பிய சரக்குக்குப் பணம் தையில்தான் வரும். இடையில் செய்தவர் வீட்டுத் தீபாவளியும் பொங்கலும் வட்டிக்கு வாங்கிய பணத்தில் நடந்து முடிந்திருக்கும்.

பரிசு கொடுத்தது நிறுவனம் என்கிறது சீட்டு. மூன்று மாதத்துக்கு அந்தப் பரிசுக்கு முதல் போட்டவர் ஓலை பின்னியவர். கோடிகளில் வரவு செலவு செய்யும் ஒரு நிறுவனம், தன் ஊழியர்களுக்கான அன்பளிப்பை ஒரு கிராமத்துப் பெண்ணின் கடனில் நடத்துகிறது. இதில் ஒளியேற்றுவது யார், எரிவது யார்?

இது சட்டத்துக்கும் புறம்பானது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006 இருபது ஆண்டுப் பழசு. பதிவு செய்த குறு, சிறு தொழிலிடம் வாங்கிய சரக்குக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான் கெடு. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது: கெடு தாண்டியும் பாக்கி நிற்கும் கொள்முதலை, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும். இந்த வரி விதி வந்ததும் என்ன நடந்தது? உங்கள் பதிவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆர்டர் வேறிடம் போகும் என்று சிலர் நெருக்கியதாகச் சிறுதொழில் வட்டாரங்களில் அப்போதே குரல் எழுந்தது. சட்டத்தின் ஓட்டையைத் தேடுவதில் காட்டிய வேகத்தைக் காசோலையில் காட்டியிருக்கலாம்.

முறையிட மன்றம் இருக்கிறது, இணையத்தில் பதிவு செய்யலாம், வட்டி கிடைக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அடுத்த தீபாவளிக்கும் அதே நிறுவனத்தின் ஆர்டரை எதிர்பார்த்திருக்கும் ஒரு சிறு உற்பத்தியாளர், இந்தத் தீபாவளிப் பாக்கிக்காக அதன்மேல் வழக்குப் போடுவாரா? போடமாட்டார் என்பது நிறுவனத்துக்கும் தெரியும். தெரிந்தே செய்கிறார்கள். பல மகளிர் குழுக்கள் தொழில் நிறுவனமாகப் பதிவே செய்யாதவை. சட்டத்தின் கை அவர்கள்வரை நீளுவதில்லை. நடுவில் பரிசுப் பெட்டி தொகுத்துக் கொடுக்கும் முகவர் ஒருவர் இருந்தால், கம்பெனியிடமிருந்து எனக்கே இன்னும் வரவில்லை என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும்.

பணத்துக்கு அடுத்தது விலை. உள்ளூர்ப் பொருளைத்தான் வாங்கப்போகிறோம் என்று முடிவெடுத்த பிறகும், பாதாம் விற்கும் பெருநிறுவனத்திடம் கேட்காத தள்ளுபடியைக் கடலைமிட்டாய்க்காரரிடம் கேட்கிறோம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் நிலத்துக் கடலையையும் நல்ல வெல்லத்தையும் பாகுபதம் அறிந்த கையையும் நம்பி நிற்கும் தொழில் அது. கிலோவுக்கு இருபது ரூபாய் குறை என்றால் அவர் எங்கே குறைப்பார்? கடலையிலா, வெல்லத்திலா, கூலியிலா? பெரும்பாலும் கூலியில்தான். 2019-20-ல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பதாகத் தெரிந்தது. அந்த வீட்டில் போய்த் தள்ளுபடி கேட்க நாக்கு எழ வேண்டுமே.

தள்ளுபடிக்குப் பின்னால் எப்போதும் யாரோ ஒருவரின் இழப்பு இருக்கிறது என்பதைத் தூத்துக்குடி 100 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். எதிரே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அது கட்டணத்தை இறக்கியது. சுதேசிக் கம்பெனியும் இறக்கியது. கடைசியில் வெள்ளையர் கம்பெனி பயணமே இலவசம் என்றது, ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இலவசமாகக் கொடுத்தது. முதல் உள்ளவன் நட்டப்படலாம். இல்லாதவன் எத்தனை நாள் தாங்குவான்? 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அவர் கப்பல்களில் ஒன்று எதிராளியிடமே விற்கப்பட்டது என்பது இந்தக் கதையின் மிகக் கசப்பான பகுதி. இலவசக் குடை வாங்கியவர்களில் எத்தனை பேர் மேடையில் சுதேசி பேசினார்களோ! இன்றைக்கு நவராத்திரிக்கு முன்பிருந்தே கைபேசியில் வந்து விழும் பண்டிகைக் காலத் தள்ளுபடிகளைப் பார்க்கும்போது அந்தக் குடை நினைவுக்கு வருகிறது. பெருந்தளங்களில் வாங்குவதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. அங்கே கிடைக்கும் விலையைக் காட்டி, தெருக்கோடிக் கடைக்காரரை இறங்கி வரச் சொல்வதுதான் பாவம்.

வீடுகளையும் இதில் விட்டுவிட முடியாது. பேரங்காடியில் அச்சிட்ட விலையைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டு, வெளியே வந்து நடைபாதையில் கோலப்பொடி விற்கும் அம்மாவிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லும் பழக்கம் நம்மிடம் ஊறியிருக்கிறது. தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம், சோமாசி ஆர்டருக்குச் சுட்டுக் கொடுக்கும் பெண்கள் எல்லா ஊரிலும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அடுப்பங்கரையிலேயே நின்று கால் வீங்கிப்போகும் நாட்கள் அவை. அவர்களிடம் வாங்கும்போது, எண்ணெய் விலை என்ன, மாவு அரைக்க என்ன ஆகிறது என்று கணக்குக் கேட்கும் நாம், இனிப்பகத்தில் பெட்டியோடு சேர்த்து எடை போடுவதைக்கூடக் கவனிப்பதில்லை. சொந்தக்காரர்தானே, தெரிந்தவர்தானே, அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம் என்று காசை நிறுத்திவைப்பதும் நடக்கிறது. நிறுவனத்தின் 90 நாளுக்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு.

ஆனால் வேறு வகையான வீடுகளும் இருக்கின்றன. கூலி வேலைக்குப் போகிறவர்கள், தள்ளுவண்டி வைத்திருக்கிறவர்கள் வாழும் தெருக்களில் பலகாரச் சீட்டு என்று ஒன்று ஓடுகிறது. மாதம் நூறோ இருநூறோ கட்டிவருவார்கள். தீபாவளி வரும்போது இனிப்பு, காரம், பட்டாசு, சில இடங்களில் துணியோ பாத்திரமோ சேர்த்துச் சீட்டு நடத்தும் கடைக்காரர் கொடுப்பார். கடைக்காரருக்கு முதல் முன்கூட்டியே கையில் சேருகிறது. வட்டிக்கு அலைய வேண்டியதில்லை. எத்தனை பேருக்குச் செய்ய வேண்டும் என்ற கணக்கும் ஆடியிலேயே தெரிந்துவிடுகிறது. நம்பிக் கட்டியவர்களை ஏமாற்றிவிட்டு ஓடிய சீட்டுக்காரர்களும் உண்டு, அவர்களைக் காவல்துறை தேடிப் பிடித்த செய்திகளும் உண்டு. ஆகவே தெரியாதவரிடம் கட்டாதீர்கள். இருந்தாலும் வழிமுறையைப் பாருங்கள். மாதம் இருநூறு ரூபாய் எடுத்துவைக்கவே திணறும் குடும்பம் தன் சிறுகடைக்காரருக்குப் பத்து மாதம் முன்பணம் கொடுக்கிறது. குளிரூட்டிய கட்டடத்தில் கோப்பு நகர்த்தும் நிறுவனம் அவரைப் போன்ற சிறு உற்பத்தியாளரிடம் மூன்று மாதம் கடன் கேட்கிறது. கோ-ஆப்டெக்ஸின் கனவு நனவுத் திட்டமும் மாதந்தோறும் கட்டிச் சேலை எடுக்கும் சீட்டுதான். பெரிய நிறுவனங்கள் பாடம் படிக்க வெளிநாட்டு ஆலோசகரைத் தேட வேண்டாம். பக்கத்துத் தெருவுக்குப் போனால் போதும்.

அரசு என்ன செய்கிறது என்று கேட்காமல் இருந்தால் இந்தத் தலையங்கம் நேர்மையாகாது. பண்டிகைப் பரிசைத் தொழிலாளரின் வேலையாக மாற்றலாம் என்பதை இந்த மாநிலத்தில் முதலில் பெரிய அளவில் செய்துகாட்டியது அரசுதான். எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த 1983-ல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் பொங்கலுக்கு ஏழைகளுக்கு உடை தருகிறது. அதே சமயம் கூட்டுறவுச் சங்கங்களில் உள்ள கைத்தறி, விசைத்தறி நெசவாளர்களுக்கு மாதக்கணக்கில் தறியை ஓட வைக்கிறது. நூல் ஆவணிக்குள் வந்துவிட்டால் எல்லாம் சரியாக நடக்கும். நூல் தாமதம், கூலி நிலுவை, தள்ளுபடி மானிய நிலுவை என்ற முறையீடுகள் நெசவாளர் சங்கங்களில் பழைய பாட்டு. தனியாரைக் கண்டிக்கும் அரசு முதலில் இதைத் தீர்க்க வேண்டும். கோ-ஆப்டெக்ஸ் வேட்டி தினம் கொண்டாடச் சொன்னபோது அலுவலகங்களில் இளைஞர்கள் வேட்டி கட்டி வந்தார்கள். வேட்டி விற்பனையும் நடந்தது. மனம் வைத்தால் அரசு சார்ந்த நிறுவனத்துக்கும் வியாபாரம் வரும்.

கரும்பு விஷயம் இன்னும் தெளிவானது. பொங்கலுக்கு வெட்டும் பன்னீர்க் கரும்பைச் சித்திரையில் நடுகிறார்கள். பத்து மாதப் பயிர். பொங்கலை விட்டால் அதற்குச் சந்தை கிடையாது, ஆலைக்கும் போகாது. 2023 பொங்கலுக்கு அரிசி, சர்க்கரை, ஆயிரம் ரூபாய் என்று 2022 டிசம்பரில் அரசு அறிவித்தபோது கரும்பு பட்டியலில் இல்லை. அரசு வாங்கும் என்று நம்பி நட்டவர்கள் தெருவில் இறங்கினார்கள். பிறகுதான் கரும்பு சேர்க்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் கொடுத்துப் பழக்கிய கை, திடீரென்று மடங்கினால் வயலில் நிற்பவன் என்ன செய்வான்? ஆண்டுதோறும் ஒரு குழுவிடம் கொட்டான் வாங்கிப் பழக்கிவிட்டு, இந்த ஆண்டு வேறு ஏதாவது புதுமையாகச் செய்வோம் என்று ஒரு மின்னஞ்சலும் அனுப்பாமல் போய்விடும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

இத்தனையும் வாங்குகிறவர் பக்கத்துக் குற்றம். விற்கிறவர்களில் சிலருக்கும் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர், தன் பக்கத்து வீட்டு நெசவாளியின் சோற்றில் மண் போடுகிறார். பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருந்தும், சோலாப்பூர் விசைத்தறி விரிப்புகள் அந்தப் பெயரில் விலைபோவதாக அவ்வூர் நெசவாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார்கள். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. ஆனால் சட்டத்தைக் கண்காணிக்கும் கண்களைவிட மீறும் தறிகள் அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்த்தேயிராத பால்கோவாவும் அந்தப் பெயரோடு பேருந்து நிலையங்களில் கிடைக்கிறது. ஒருமுறை காய்ந்த எண்ணெயில் மறுபடி பலகாரம் சுடுகிறவர், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இல்லாமல் பெட்டி கட்டுகிறவர், சொன்ன தேதிக்குச் சரக்குத் தராமல் கைபேசியை அணைத்துவைப்பவர், இவர்களெல்லாம் ஏழை என்பதால் விலக்குப் பெற முடியாது. சிறுதொழிலை ஆதரியுங்கள் என்று கேட்கும் உரிமை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் சிறுதொழிலருக்கு மட்டுமே உண்டு. வாங்குகிறவர்களும் கைத்தறி முத்திரை இருக்கிறதா, புவிசார் குறியீட்டுக்கு உரிமை பெற்ற உற்பத்தியாளரா என்று கேட்டுப் பழக வேண்டும். கேட்டால் நல்ல உற்பத்தியாளர் கோபித்துக்கொள்ள மாட்டார், மகிழ்ச்சியோடு காட்டுவார்.

எங்கள் ஊழியர்கள் கொட்டானும் பாயும் வேண்டாம் என்கிறார்கள், ரொக்கமாகக் கேட்கிறார்கள் என்று சில முதலாளிகள் சொல்லக்கூடும். அப்படியென்றால் ரொக்கமாகவே கொடுத்துவிடுங்கள்; யாருக்கும் வேண்டாத பொருளை ஊரகக் கைவினை என்ற பெயரில் திணிப்பதால் கைவினைக்கு நன்மை இல்லை. ஆனால் அப்படிக் கொடுக்கும்போது, ஒப்பந்த அடிப்படையில் வாசலில் நிற்கும் காவலாளியையும் கழிப்பறை கழுவும் பெண்ணையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேசையில் இருப்பவருக்குப் பெரிய பெட்டி, இவர்களுக்கு அரைக் கிலோ இனிப்பு என்ற பாகுபாடு பல இடங்களில் அப்படியே இருக்கிறது. அதற்குத் தனித் தலையங்கம் எழுத வேண்டும்.

பொருளாகக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு நம் மண்ணில் பஞ்சமே இல்லை. பத்தமடையில் மணமக்கள் பெயரை நெய்தே கொடுக்கும் கல்யாணப் பாய் இருக்கிறது. 1953-ல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கு அந்த ஊர்ப் பாய் போனதாகச் சொல்வார்கள். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, மணப்பாட்டு ஓலைக் கூடை, சின்னாளப்பட்டிச் சுங்குடி, நெகமம் பருத்திச் சேலை என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவற்றில் பலவற்றுக்கு அலமாரியில் ஏறும் அலங்காரமாக இல்லாமல் வீட்டில் அன்றாடம் புழங்கும் தன்மை உண்டு; அதுவே நல்ல பரிசுக்கு இலக்கணம். விலை மலிவாக இருக்காது. இருக்கவும் கூடாது.

ஆகவே நம் தீர்ப்பு இது: சிறு உற்பத்தியாளரிடம் வாங்குவது தருமம் ஆகாது, நியாயமான விலைக்கு வாங்கி நேரத்துக்குப் பணம் கொடுப்பது மட்டுமே நியாயம். கடைசி நேரத்தில் கேட்டு, விலையை அடித்து இறக்கி, பணத்தைத் தைவரை இழுத்தடித்து வாங்கும் உள்ளூர்ப் பரிசைவிட, நேர்மையாகப் பணம் செலுத்தி வாங்கிய வெளியூர்ப் பாதாமே மேல். அந்தப் பாதாமில் குறைந்தபட்சம் பாசாங்கு இல்லை.

நிறுவனங்களிடம் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. அடுத்த தீபாவளிக்கான ஆர்டரை ஆடி முடிவதற்குள் உறுதிசெய்யுங்கள். பாதித் தொகையை ஆர்டரோடும் மீதியைச் சரக்கு வந்த வாரத்திலும் கொடுங்கள். முகவர் வழியாக வாங்கினால், செய்தவருக்குப் பணம் போய்ச் சேர்ந்ததற்கான ரசீதைக் கேளுங்கள். இந்த மூன்றையும் செய்ய முடியாதென்றால் சீட்டில் கைவினைஞர் வாழ்வு பற்றி ஒரு வரியும் அச்சடிக்காதீர்கள். கடந்த தீபாவளிப் பில் ஏதாவது உங்கள் மேசையில் இன்னும் கிடந்தால், முதலில் அதை வட்டியோடு தீர்த்துவிட்டுப் பிறகு இந்த ஆண்டின் கொட்டேஷனைக் கேளுங்கள்.